குடில் கட்ட இரண்டு பேர் வேண்டும்

போன வாரம் பெங்களூரிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஆன்லைனில் வாங்கிய கிறிஸ்துமஸ் குடில். பெட்டியைத் திறந்து, மடிப்பை விரித்து, பிளக்கைச் சொருகினால் போதுமாம். விளக்கு எரிகிறது, பாட்டும் பாடுகிறது. "அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுச்சுப்பா" என்று கீழே எழுதியிருந்தான். நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். பொய்யில்லை, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 'அஞ்சு நிமிஷம்' மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் ஊர் பொம்மிடிக்குப் பக்கம். நான் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபரில் தர்மபுரி மாவட்டம் ஆனது. மறைமாவட்டம் மட்டும் 1997 வரை சேலத்தோடுதான் இருந்தது. எங்களுக்குப் பூசை என்றால் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயில். சின்ன வயதில் லத்தீன் பூசையும் பார்த்திருக்கிறேன். சாமியார் முதுகைக் காட்டி நின்று சொல்வது ஒன்றும் புரியாது. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் பூசை தமிழில் வந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் குடில் அதற்கு முன்பிருந்தே சுத்தத் தமிழ்க் குடில்.

டிசம்பர் பதிமூன்று, பதினான்கு வாக்கில் அம்மா ஒரு படி கேழ்வரகை ராத்திரி ஊறப்போடுவார். களத்தில் அடித்துத் தூற்றிய புதுக் கேழ்வரகு. மறுநாள் பழைய தகரத்தட்டில் எருவும் மணலும் கலந்து பரப்பி, அதன்மேல் தூவி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வரும் மார்கழிக் குளிரில் வெளியே வைத்தால் முளைக்க நாளாகும். நான்காம் நாள் சாக்கை எடுத்தால் வெள்ளை வெள்ளையாக முளை. வெளிச்சத்தில் வைத்ததும் பச்சை பிடித்துவிடும். கிறிஸ்துமஸ் வரும்போது விரற்கடை உயரத்துக்குப் புல்வெளி தயார்.

மற்றதெல்லாம் எங்கள் வேலை. கிணற்றுப் படியில் இறங்கிப் பாசி சுரண்டி வருவோம். சாக்கைச் சேற்றில் தோய்த்து மடக்கிவிட்டால் மலை. அப்பா ஊதிய சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளைச் சேர்த்து வைத்து ஆறு. உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளம். மூங்கில் சிம்பில் பட்டத்தாள் ஒட்டிய நட்சத்திரத்துக்குள் சின்ன விளக்கு. அது இரண்டு முறை தீப்பிடித்து எரிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கவுண்டர் பிள்ளைகளும் எங்களோடுதான் பாசி பொறுக்குவார்கள். அவர்கள் வீட்டு வைக்கோல்தான் எங்கள் பாலன் இயேசுவுக்குப் படுக்கை. மூன்று ராசாக்களின் சுரூபங்களைத் திண்ணையின் அந்தக் கோடியில் வைத்து, தினம் ஒரு சாண் நகர்த்துவோம். ஜனவரி ஆறாம் தேதிதான் அவர்கள் வந்து சேர வேண்டும். என் தங்கை அவசரக்காரி, யாரும் பார்க்காதபோது இரண்டு சாண் நகர்த்திவிடுவாள்.

குடில் ஏதோ பழைய மூடப்பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அசிசி பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் முதல் குடிலை அமைத்தார். அதில் பொம்மையே கிடையாது. தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை, சுற்றிலும் தீப்பந்தத்தோடு ஊர் ஜனங்கள். அவ்வளவுதான். 2019இல் போப் பிரான்சிஸ் அதே கிரேச்சோவுக்குப் போய், குடிலைப் பற்றியே ஒரு மடல் எழுதிக் கையெழுத்திட்டார். இன்னொரு விஷயம். லூக்கா நற்செய்தியில் தீவனத் தொட்டி வருகிறதே தவிர, மாடும் கழுதையும் வராது. ஏசாயா ஆகமத்தின் முதல் அதிகாரத்திலிருந்து அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மாவுக்கு எந்த மடலும் தெரியாது. "நம்ம கொட்டாய் மாதிரிதான்டா அதுவும், சாணி நாத்தம் அடிச்சிருக்கும்" என்பார். என் விசுவாசம் அந்தச் சாணி நாற்றத்திலிருந்து வந்தது என்றுதான் சொல்வேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமான விஷயம்.

அப்பா இறந்த பிறகு நிலத்தை நானும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டோம். கிணறு மட்டும் பொது. மோட்டார் முறை வைத்து ஓட்ட வேண்டும். நான் தபால் ஆபீஸ் வேலையில் இருந்தேன். பாட்டை என் வீட்டுக்காரி பார்த்துக்கொண்டாள். மழை பொய்த்த வருஷம் அது. என் தக்காளி வாடிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி அண்ணன் முறையில் நான் போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். அது என் முறை இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் அவர் வந்து வாய்க்காலை வெட்டிவிட்டார். வாய் வார்த்தை முற்றியது. சொல்லக்கூடாததை நான்தான் முதலில் சொன்னேன். பிறகு மூன்று வருஷம் பேச்சில்லை. கோயிலில் அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் நான் அந்தப் பக்கம். நற்கருணை வாங்க ஒரே வரிசையில் நிற்போம், முகம் பார்க்க மாட்டோம்.

காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு போய் ஒப்புரவாகச் சொன்ன பகுதி மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அண்ணன் கேட்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் வருஷம் டிசம்பர் இருபத்து நான்கு மத்தியானம், அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியனுப்பினார். குடிலுக்குக் கூரை போட ஆளில்லை, வந்துவிட்டுப் போகச் சொன்னாராம். போனால் அண்ணன் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அதே செய்திதான் போயிருக்கிறது. திரும்பி வந்துவிடலாமா என்று தோன்றியது. அம்மா ஒன்றுமே பேசாமல் சோளத்தட்டையும் சணல் கயிற்றையும் நடுவில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கூரை போடுவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. ஒருவர் தட்டைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கட்ட வேண்டும். அரைமணி நேரம் ஊமைகள் மாதிரி வேலை செய்தோம். பிறகு அண்ணன் சொன்னார்: "கயித்த இழுத்துப் புடிடா, தொங்குது பாரு."

மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை அதுதான். நான் இழுத்துப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. அன்று ராத்திரி நடுச்சாமப் பூசைக்கு அவர் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன். கிணற்று வழக்கு அதற்குப் பிறகும் ஒரு வருஷம் இழுத்து, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து முடித்தார்கள். எனக்கு இரண்டு மணி நேரம் முறை குறைந்தது. அது நியாயம்தான்.

இதனால்தான் ஐந்து நிமிஷக் குடில் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அடுத்தவருக்கு வேலையே இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்படாத இடத்தில் யாரை எதற்காகக் கூப்பிடுவது? வாழ்த்து அட்டைக்கும் இந்தக் கதிதான். லண்டனில் 1843இல் முதல் கிறிஸ்துமஸ் அட்டை அச்சானது. எங்கள் தபால் ஆபீசில் டிசம்பர் வந்தால் மூட்டை மூட்டையாக வரும், முத்திரை குத்திக் கை வீங்கிவிடும். ஒரு அட்டை அனுப்ப, ஆளை நினைத்து, விலாசம் தேடி, தபால்தலை ஒட்ட வேண்டும். இப்போது ஒரே வாழ்த்தை இருநூறு பேருக்கு ஒரு விரலால் அனுப்புகிறோம். நானும்தான் அனுப்புகிறேன்.

மகன் தரப்பிலும் நியாயம் உண்டு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், பத்தாவது மாடியில் பாசிக்கு எங்கே போவது என்று கேட்கிறான். நான் கொண்டாடுகிற அந்தப் பழைய கிறிஸ்துமசில் அம்மா இருபத்து மூன்றாம் தேதி ராத்திரி முழுக்கக் கச்சாயமும் முறுக்கும் சுட்டு, பூசையில் தூங்கி விழுந்தார் என்பதையும் மறைக்கக்கூடாது. அடுப்படியில் ஒரு நாளாவது போய் உட்கார எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பழையதெல்லாம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பங்குகளில் நடக்கும் குடில் போட்டி, மோட்டார் வைத்த அருவி, முதல் பரிசு இதெல்லாம்கூட எனக்கு ஒட்டாதவைதான். ஒரு அட்டைப்பெட்டி, நாலு குச்சி, ஒரு கை கேழ்வரகு போதும். ஆனால் ஒரு ஆளாவது கூட இருக்க வேண்டும். அந்த ஆள் யாராக இருக்க வேண்டும் என்பது அவரவருக்கே தெரியும்.

அண்ணன் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் நிலத்தில் ஒரு பகுதியை விற்றதில், அவர் மகனுக்கும் என் மகனுக்கும் இப்போது பேச்சில்லை. யார் பக்கம் சரி என்று இங்கே எழுத மாட்டேன்.

நேற்று இருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். எனக்கு எழுபதாகிறது, ஏணியில் ஏற முடியவில்லை, குடிலுக்குக் கூரை போட ஆளில்லை என்றேன். மகன் லீவு கிடைக்குமா பார்க்கிறேன் என்றான். அண்ணன் மகன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாக்கறேன் சித்தப்பா" என்று வைத்துவிட்டான்.

கேழ்வரகு முளைத்துவிட்டது. இன்று காலை சாக்கை எடுத்து வெயிலில் வைத்தேன். சோளத்தட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு வரும்.