கருப்பிக்கு முதலிடம்

2018-இல் வந்த திரைப்பாடல் தொகுப்புகளில் எனக்கு முதலிடம் ‘பரியேறும் பெருமாள்’. நண்பர்கள் ‘96’ என்று அடம்பிடிப்பார்கள். கோவிந்த் வசந்தாவின் இசையையும் சின்மயியின் குரலையும் குறைசொல்ல நான் யார்? ஆனால் அந்த இனிப்பு எனக்குச் சீக்கிரமே திகட்டிவிட்டது. ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் ‘கருப்பி’ பாட்டு திகட்டாது. கொல்லப்பட்ட வேட்டை நாய்க்கான ஒப்பாரி அது. நாயைப் பறிகொடுத்தவன் அழுகிறானா, அறைகூவுகிறானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் அந்தக் கோபத்தை வயலின்களால் மெழுகிவிடவில்லை. கரகரப்பை அப்படியே விட்டிருக்கிறார். ‘எங்கும் புகழ் துவங்க’ பாட்டோ கோயில் கொடை மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தது போல இருக்கும். காதில் ஒலிக்கருவி மாட்டிக் கேட்கிற பாட்டல்ல, ஒலிபெருக்கியில் கேட்க வேண்டியது. அதே ஆண்டில் வந்த ‘காலா’வும் ‘வடசென்னை’யும்கூட அவருடையவைதான். ‘காலா’வை இரைச்சல் என்றார்கள். அதில் வரும் தாராவி இளைஞர்களின் ராப் பின்னே தாலாட்டாகவா இருக்கும்? இருந்தாலும் என் பட்டியலில் அது மூன்றாவதுதான். ‘வடசென்னை’க்கு இரண்டாமிடம், கானா பாலா பாடிய பாட்டுக்காகவே.