அடுக்களை வழியே வந்த பதக்கங்கள்

தங்கம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? சவரன் என்ன விலை, இன்றைக்கு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா... அவ்வளவுதானே! நாலு வருஷத்துக்கு ஒரு தடவை இன்னொரு தங்கத்தைப் பற்றியும் வீட்டில் பேச்சு வரும். டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இத்தனை கோடி ஜனம் இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு தங்கம் வாங்க முடியலையே!" என்று வீட்டு ஆண்கள் அலுத்துக்கொள்வார்கள். நாமும் காப்பியைக் கொடுத்துவிட்டு, "அதானே!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவோம்.

"ஒலிம்பிக்ஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது சர்க்கார் சமாசாரம்" என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, சகோதரிகளே! நம் நாட்டுப் பெண்கள் வாங்கிய பதக்கங்களின் கதையைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். மைதானத்துக்குப் போகுமுன் அது ஏதோ ஒரு வீட்டு அடுக்களையைத் தாண்டித்தான் போயிருக்கிறது.

முதலில் பழைய கதை. 1900ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஒலிம்பிக்ஸில் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் ஓட்டத்தில் இரண்டு வெள்ளி வாங்கினார். இந்தியக் கணக்கில் முதல் பதக்கங்கள் அவைதான். 1920இல் ஆன்ட்வெர்ப் நகரத்துக்கு முதன்முதலாக ஓர் அணியாகவே போனோம். செலவுக்குப் பணம் கொடுத்து உதவியவர் தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கியில் தங்கம் வாங்கினோம். 1980இல் மாஸ்கோ வரை ஹாக்கியில் மட்டும் எட்டுத் தங்கம்! அதற்குப் பிறகு தனி ஆளாகத் தங்கம் வாங்கியவர்கள் இரண்டே பேர்: 2008இல் துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா, 2021இல் ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா. 2024 பாரிஸ் வரை மொத்தம் 41 பதக்கங்கள்.

சரி, இதில் பெண்கள் எங்கே?

1924இல் பாரிஸில் டென்னிஸ் ஆடிய நோரா பாலிதான் இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக்ஸில் இறங்கிய முதல் பெண். சுதந்திரத்துக்குப் பிறகு, 1952இல் ஹெல்சிங்கிக்கு நான்கு பெண்கள் போனார்கள். ஓட்டத்துக்கு நீலிமா கோஷ், மேரி டிசௌஸா. நீச்சலுக்கு டாலி நஸீர், ஆரத்தி சாஹா. இதில் ஆரத்திக்கு அப்போது வயது என்ன தெரியுமா? பதினொன்று! நம் வீட்டில் அந்த வயதுப் பெண்ணைத் தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்பவே யோசிப்போம். அதே ஆரத்தி 1959இல் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் என்று பேர் வாங்கினார்.

ஆண்கள் ஹாக்கியில் 1928லிருந்து தங்கமாகக் குவித்தோமே, பெண்கள் ஹாக்கி ஒலிம்பிக்ஸில் எப்போது சேர்ந்தது? 1980இல்தான். பெண்கள் குத்துச்சண்டை 2012இல்தான். கதவே திறக்காத வீட்டுக்குள் எப்படிப் போவது!

கதவு திறந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 1984, லாஸ் ஏஞ்சல்ஸ். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் அந்த வருஷம்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. நம் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி முடித்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் 55.41. வித்தியாசம், ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு பேட்டியில் உஷா இன்னொரு விஷயம் சொன்னார். அங்கே வீரர்கள் தங்கிய இடத்தில் கிடைத்த அமெரிக்கச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சியும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுக்கொண்டுதான் ஓடினாராம். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் அந்தப் பலக்குறைவு தெரிந்தது என்று சொன்னார். அந்தப் பேட்டியைப் படித்தபோது என் வயிறு பிசைந்தது. உலகத்தில் நாலாவது இடத்துக்கு ஓடிய பெண்ணுக்குச் சரியான சாப்பாடு போடவேண்டும் என்று கூடப் போன ஒருவருக்கும் தோன்றவில்லையே!

அதே ஊரில் 800 மீட்டரில் அரையிறுதி வரை ஓடியவர் ஷைனி ஆபிரகாம். கல்யாணத்துக்குப் பிறகு ஷைனி வில்சன். குழந்தை பிறந்த பிறகும் அவர் ஓட்டத்தை விடவில்லை. 1992இல் பார்சிலோனாவில் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு இந்திய அணிக்கு முன்னால் நடந்தார். அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். 1995இல் நம் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, அதில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடினார். அப்போது அவருக்கு முப்பது வயது. அந்த இந்திய சாதனையை முறியடிக்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று. 2010இல் முறியடித்த டின்டு லூகா, உஷாவிடம் பயிற்சி பெற்ற பெண்!

"பிள்ளை பெத்தவளுக்கு இனிமே என்ன ஓட்டமும் ஆட்டமும்?" என்று சொல்பவர்களுக்கு ஷைனியைக் காட்டுங்கள். போதாது என்றால் மணிப்பூரின் மேரி கோமைக் காட்டுங்கள். இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பிறகுதான் 2012இல் லண்டனில் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கினார். 2013இல் இன்னொரு பிள்ளை. 2014இல் ஆசியப் போட்டியில் தங்கம்! அவர் பயிற்சிக்குப் போன நாட்களில் கணவர் வீட்டோடு இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். இதையும் வீட்டில் கொஞ்சம் உரக்கப் படியுங்கள்.

பெண்களுக்கு முதல் ஒலிம்பிக்ஸ் பதக்கம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில். சிட்னியில் ஆந்திரப் பெண் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ பளுவைத் தூக்கி வெண்கலம் வாங்கினார். பிரிட்சார்ட் வாங்கியது 1900இல். முழுசாக நூறு வருஷம்! அதற்குப் பிறகு பாருங்கள், 2012இல் சாய்னா நேவால், மேரி கோம். 2016இல் ரியோவில் நம் நாட்டுக்குக் கிடைத்ததே இரண்டு பதக்கம். பாட்மின்டனில் சிந்து, மல்யுத்தத்தில் சாக்ஷி மாலிக். இரண்டுமே பெண்கள் வாங்கியவை. கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளி 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் மீராபாய் சானு, சிந்து, லவ்லினா. 2024 பாரிஸில் மனு பாக்கர் ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டு வெண்கலம். இதில் இரண்டாவது ஓர் ஆண் வீரரோடு ஜோடி சேர்ந்து வாங்கியது.

இப்போது அடுக்களைக்கு வருவோம். மீராபாய் மணிப்பூரில் ஒரு கிராமத்துப் பெண். சிறுமியாக இருந்தபோதே அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டை இவர் தூக்கிக்கொண்டு வருவாராம். 2016 ரியோ போட்டிக்கு முன்னால் அவருடைய அம்மா தன் நகைகளை விற்று, ஒலிம்பிக்ஸின் ஐந்து வளையம் போல ஒரு ஜோடித் தோடு செய்து கொடுத்தார். ஆனால் ரியோவில் மீராபாய்க்குத் தோல்விதான். பளுவைத் தலைக்கு மேல் நிறுத்தவேண்டிய மூன்று முயற்சியும் போயிற்று. அம்மா நகை போனதுதான் மிச்சம் என்று ஊர் சொல்லியிருக்காதா? அதே தோட்டைப் போட்டுக்கொண்டு டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார்.

தோல்விக்கும் வெற்றிக்கும் நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷம் "போதும், வீட்டோட இரு" என்று சொல்லாமல் இருந்தார்களே, அந்த வீட்டார் செய்தது சின்ன காரியமா?

நம் பக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சென்னை வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவிக்கு வாள்வீச்சுப் பயிற்சிக்காக அவருடைய அம்மா நகைகளை அடகு வைத்தார். டோக்கியோவுக்குப் போன முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை பவானிதான். மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. "பொம்பளைப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாம, படிப்பு என்ன, ஓட்டம் என்ன?" என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். பாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. டோக்கியோவில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நாலு பேரில் ரேவதி ஒருத்தி. இவர்கள் இருவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை. அதனால் அந்த அம்மாவும் பாட்டியும் செய்தது குறைந்துவிடுமா?

இனி நம் வீட்டைப் பார்ப்போம். பத்து வயது வரை பெண் பாண்டி ஆடுவாள், ஓடுவாள், ஸ்கூலில் கப் வாங்கி வருவாள். பெரியவள் ஆனதும் பாட்டு மாறிவிடும். "வயசுப் பொண்ணு... வெயில்ல கறுத்துப் போவா... டென்த் வருது, படிப்பு கெடும்... அந்த நாள்ல எப்படி ஓடறது?" ஒவ்வொன்றாகக் கழன்று, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் விளையாட்டே நின்றுபோகும்.

'அந்த நாள்' விளையாட்டுக்குத் தடை இல்லை. உடம்பு முடிந்தால் ஓடலாம், ஆடலாம். லேசான உடற்பயிற்சி வயிற்றுவலியைக் குறைக்கவும் செய்யும். ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு அசையவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எலும்பு பலப்படுவதும் இந்த வயதில்தான். நாற்பது வயதுக்கு மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நமக்குத் தெரியாதா அதன் அருமை!

இன்னொரு பயம் உண்டு. அதை நான் லேசாகச் சொல்லமாட்டேன். "கோச் எப்படிப்பட்ட ஆளோ?" என்ற பயம். 2023இல் நாட்டின் பேர்பெற்ற மல்யுத்த வீராங்கனைகளே பாலியல் தொல்லைப் புகாரோடு டில்லித் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆகவே பயம் நியாயமானது. அதற்கு மருந்து பெண்ணை வீட்டில் பூட்டுவது அல்ல. பயிற்சி நடக்கும் இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் கூட வரும் பெண் ஆசிரியை யார் என்று கேளுங்கள். மற்ற அம்மாக்களோடு முறைபோட்டுக் கூடப் போங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், "என்ன நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லு, நான் உன்னைத் திட்டமாட்டேன்" என்று பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். அவசரத்துக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாப்பாடு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், பதினைந்திலிருந்து பத்தொன்பது வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை! ஓடினால் மூச்சு வாங்குகிறது, சோர்ந்து படுக்கிறாள் என்றால், சோம்பேறி என்று திட்டுமுன் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள்.

விளையாடும் பெண்ணுக்குச் செலவு பிடித்த டின் பவுடர் ஒன்றும் வேண்டாம். முருங்கைக்கீரை, வேகவைத்த கடலை, சுண்டல், கேழ்வரகுக் கூழ் அல்லது அடை, பால், தயிர் போதும். சாப்பிடுகிற வீடாக இருந்தால் முட்டை, மீன். கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ கொடுக்காதீர்கள். அது இரும்புச் சத்தைச் சேரவிடாது. தம்பிக்கு ஒரு முட்டை, அக்காவுக்குக் குழம்பு மட்டும் என்ற கணக்கு இந்தக் காலத்திலும் சில வீடுகளில் நடக்கிறது. அதை முதலில் நிறுத்துங்கள். கடும் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து தீட்டு வராமல் போனால், சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். காலுக்குச் சரியான ஷூ, உடம்புக்குப் பொருத்தமான உள்ளாடை, ராத்திரி எட்டு மணி நேரத் தூக்கம்... இவ்வளவுதான்.

நம் பெண் ஒலிம்பிக்ஸுக்குப் போவாளா? பெரும்பாலும் போகமாட்டாள். நூற்றிருபது வருஷத்துக்கு மேலாகியும் நாட்டுக்கே 41 பதக்கம்தானே! ஆனால் தெம்பான உடம்பும், தோற்றால் எழுந்து நிற்கும் மனசும் அவளுக்குக் கிடைக்கும். புக்ககம் போனாலும், ஆபீஸ் போனாலும், நாளைக்கு அவளே பிள்ளை பெற்று வளர்த்தாலும் அது கூடவே வரும்.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். "என்ன விளையாட்டு உனக்குப் பிடிக்கும்?" என்று உங்கள் பெண்ணைக் கேளுங்கள். பதில் சொன்னால், சாயந்திரம் ஒரு மணி நேரம் வீட்டு வேலையிலிருந்து அவளுக்கு லீவு கொடுங்கள். அண்ணனும் தம்பியும் அந்த நேரத்தில் பாத்திரம் துலக்கட்டுமே, கை தேய்ந்தா போய்விடும்?