கூடத்திலே ஒரு திரையரங்கு

முற்காலத்து வானொலிப் பெட்டியின் முதுகைப் பார்த்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றார்கள். முன்புறம் பளபளப்பான மரமும் பட்டுப்போன்ற துணியுமாக விளங்கிய அப்பெட்டியின் பின்புறத்தை, வரிசை வரிசையாகத் துளையிட்ட ஓர் அட்டையே மூடியிருந்தது. உள்ளே எரிந்துகொண்டிருந்த வால்வுகளின் வெம்மை அத்துளைகளின் வழியே வெளியேறும். அதனாற்றான், பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளிய பிள்ளைகளைப் பெரியோர் அதட்டினர். 1979 ஆம் ஆண்டில் தொலைக்காட்சி நம் நாட்டுக்கு வந்தபோதும், அதன் பருத்த முதுகிலே அத்தகைய துவாரங்கள் இருந்தன.

இன்றைய கருவிகள் வெப்பத்தை அவ்வளவாக வெளிக்காட்டுவதில்லை. ஆதலின் நாமும் அதனை மறந்துவிட்டோம். கூடத்துக்கு அகன்ற திரை வருகின்றது. ஐந்து ஸ்பீக்கர்களும், அடித்தொனியை முழக்கும் சப்வூபர் ஒன்றும், அவை அனைத்தையும் இயக்கும் அம்பிளிபயரும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து ஒரு மகனோ தம்பியோ அனுப்பிய பணத்தில் வாங்கியவையாக இருக்கலாம்; மாதத் தவணைக்கு எடுத்தவையாகவும் இருக்கலாம். இவற்றின் அருமை கருதித் தச்சரை அழைத்துத் தேக்குமர அலுமாரி ஒன்று செய்விக்கின்றோம். முன்னே கண்ணாடிக் கதவு, பின்னே ஒட்டுப்பலகை. தூசி போகாது, பல்லி போகாது, குழந்தையின் கை போகாது என்று நிம்மதி அடைகின்றோம். காற்றும் போகாது என்பதை எண்ணுவதில்லை. இரண்டு ஆண்டுகளில் அம்பிளிபயர் இடையிடையே தானாக நின்றுவிடத் தொடங்கினால், பழியைக் கடைக்காரர் தலையிலே போடுகின்றோம்.

உள்ளே நிகழ்வது என்ன? வழக்கமான அம்பிளிபயர் தான் உறிஞ்சும் மின்சக்தியில் ஒரு பகுதியையே ஒலிக்காகச் செலவிடுகின்றது, எஞ்சியது வெப்பமாகின்றது. பல ஸ்பீக்கர்களை இயக்கும் பெரிய கருவிகள், ஒலி எதுவுமின்றிச் சும்மா விழித்திருக்கும்போதே நாற்பது, ஐம்பது வாற்று வரை செலவிடுவதுண்டு. பழைய நாற்பது வாற்று மின்குமிழ் ஒன்றை அலுமாரிக்குள் ஏற்றிவைத்துக் கதவைச் சாத்தினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். பலகை வெப்பத்தை எளிதிற் கடத்தாது, கண்ணாடியும் அத்தகையதே. யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசிப் பிற்பகலில் அறையின் வெப்பநிலையே 32, 33 பாகை செல்சியஸைத் தொட்டுவிடும். கருவியைச் சூழ்ந்த காற்று 35 அல்லது 40 பாகைக்கு மேற்படலாகாது என்றே பெரும்பாலான கைநூல்கள் கூறுகின்றன. எஞ்சியுள்ள சிறு இடைவெளியை மூடிய அலுமாரி விரைவில் விழுங்கிவிடும்.

கருவியினுள் முதலில் நலிவது சிறிய உருளை வடிவக் கொள்ளளவியாகும். அதனுள் ஈரமான இரசாயனப் பொருள் உண்டு. வெப்பம் ஏற ஏற அது உலர்ந்துபோகும். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. இழப்பு மெல்ல நிகழ்வதால் யாரும் கவனிப்பதில்லை.

பரிகாரம் பெருஞ் செலவுள்ளதன்று. பாடசாலையில் மேற்காவுகை என்று படித்த பாடமே போதும். சூடான காற்று மேலே செல்லும். அதன் இடத்தைக் குளிர்ந்த காற்று கீழிருந்து நிரப்பும். ஆகவே அலுமாரியின் அடித்தட்டில் காற்றுப் புகவும், மேற்புறத்தில் வெளியேறவும் வழி செய்க. பின்பலகையைப் பெரும்பகுதி வெட்டி எடுத்துவிடுதல் அதனினும் நன்று. அம்பிளிபயரை எல்லாவற்றுக்கும் மேலான தட்டில் வைத்து, அதன் தலைக்கு மேல் அரை அடியும், பக்கங்களிலும் பின்னும் நான்கு அங்குலமும் விடுக. தட்டு இயக்கியையும் அலைவரிசைப் பெட்டியையும் அதன் முதுகில் ஏற்றாதீர்கள். பின்னல் விரிப்பும் பூச்சாடியும் அங்கே ஆகா. சுவாமி படத்தையும் விளக்கையும் அம்பிளிபயரின் மேல் வைப்பாரும் உளர். அவற்றுக்குரிய இடம் வேறு. இவ்வளவும் செய்த பின்னரும் வெம்மை தங்குமாயின், கணினிக்குப் பயன்படும் சிறு விசிறி ஒன்றை மேற்புறத்தில் காற்றை வெளியே இழுக்குமாறு பொருத்தலாம். பன்னிரண்டு வோல்ற்று விசிறியை ஏழு வோல்ற்றில் ஓட்டினால் சத்தம் அரிதாகவே கேட்கும். துவாரங்களுக்கு வலை அடிப்பவர்கள் மாதம் ஒருமுறை அதைத் துடைக்க வேண்டும். தூசி அடைத்த வலையும் பலகைதான்.

இரண்டு மணி நேரம் படம் பார்த்த பின் அலுமாரிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். சோதனை அவ்வளவே.

வைக்கும் முறையைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். திரையைச் சுவாமி படம் போல் உயரத்திலே மாட்டுவது நம்மவரிடையே பெருவழக்கு. பார்ப்பவர் கழுத்து நோகும். இருக்கையில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரவேண்டும். திரையின் மூலைவிட்ட அளவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் பொருத்தமானது. 55 அங்குலத் திரைக்கு ஏழு அடி. முன்னுள்ள இடது வலது ஸ்பீக்கர்கள் கேட்பவரோடு சமபக்க முக்கோணம் அமைக்க, பின்னவை இரண்டும் காதுக்குச் சற்றுப் பின்னே இருபுறமும் நிற்கவேண்டும். சப்வூபரை மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். அது நன்மையென்று கருதுவோர், அதே முழக்கத்தில் பேச்சு மூழ்கிப்போவதைக் கவனிப்பதில்லை. நடு ஸ்பீக்கரே உரையாடலைத் தருவது. அதை அலுமாரியின் உட்புறத்தே ஒதுக்கினால், காது மந்தமான அம்மம்மா படம் முழுதும் பக்கத்திலிருப்பவரை விசாரித்துக்கொண்டே இருப்பார். சாந்துத் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியை எதிரொலிக்கும். தரையில் ஒரு பாயும் சன்னலுக்குத் தடித்த திரைச்சீலையும் பாதிக் குறையைத் தீர்க்கும்.

இடி முழங்கும் பருவத்தில் மின் செருகியோடு அன்ரெனாக் கம்பியையும் கழற்றி வைத்தல் நன்று. ஆளியை மட்டும் அணைத்தல் போதாது.

தச்சரிடம் அளவு கொடுக்கும்போது, கருவியின் ஆழத்தை மாத்திரம் கூறுவோர் பலர். பின்புறம் நீண்டிருக்கும் கம்பிகளுக்கும் செருகிகளுக்கும் மூன்று அங்குலமாவது கூட்டிச் சொல்லவேண்டும். இல்லையேல் கதவு மூடாது, அல்லது கம்பி முறியும். கதவே வேண்டாம் என்பது என் கருத்து. ஆயினும் வீட்டிலுள்ளார் கதவில்லா அலுமாரி அலங்கோலம் என்பாராயின், கண்ணாடிக்குப் பதிலாகப் பழைய சாய்மனைக் கதிரைகளிற் காணும் பிரம்புப் பின்னலை இட்டுக் கதவு செய்விக்கலாம். காற்று தாராளமாகச் செல்லும். பின்னல் மிக நெருக்கமாக இல்லாதவரை, தொலை இயக்கியின் கதிரும் கண்ணறைகளினூடே புகுந்துவிடும்.