பிரதான மேசையில் பெண்களுக்கு இடம்

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி 1325ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரைத் தடுத்தல், சமாதானப் பேச்சு, மீள்கட்டுமானம் ஆகிய அனைத்திலும் பெண்கள் சமமாகப் பங்குபற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். இதனைச் செயற்படுத்துவதற்கான முதலாவது தேசிய செயற்திட்டத்துக்கு எமது அமைச்சரவை 2023இல்தான் அங்கீகாரம் வழங்கியது. அது 2027 வரைக்குமானது. தாமதமாக வந்தாலும் நாம் அதனை வரவேற்கிறோம். ஆயினும், இத்தகைய முயற்சி இந்நாட்டில் முன்னரும் ஒருமுறை நடந்ததை மறந்துவிடலாகாது.

2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த பேச்சுவார்த்தையில், பெண்கள் விவகாரங்களுக்கான உபகுழு ஒன்றை அமைக்க அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் இணங்கின. தரப்புக்கு ஐவராகப் பத்துப் பெண்கள் நியமிக்கப்பட்டனர். 2003 மார்ச்சில் அவர்கள் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பங்கேற்பு ஆகியவற்றைத் தமது வேலைத்திட்டத்தில் சேர்த்தார்கள். ஆனால் பிரதான மேசையில் இரு தரப்பிலும் பேச்சாளர்களாக இருந்தவர்கள் ஆண்களே. ஏப்ரலில் அந்தப் பேச்சு இடைநின்றதும் உபகுழுவும் செயலிழந்தது. பெண்கள் இணங்கிப்போகாததால் அது நின்றுவிடவில்லை. தீர்மானிக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கவில்லை.

அதே கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் பெண்கள் இவ்வாறே வீதியோரம் அமர்ந்தனர். விடை கிடைக்காமலே கண்மூடியோர் பலர். லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது நீதி கேட்ட கைம்பெண்ணை ஆண்டவர் எமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். அந்தக் கைம்பெண்ணின் வழியில் நிற்கும் இத்தாய்மாரைப் பாதுகாப்புக்குச் சவாலாக நோக்கிக்கொண்டு, சமாதானப் பணியில் பெண்களைச் சேர்க்கிறோம் என்று கூறுவது பொருந்துமா?

எனவே நாம் கேட்பது இரண்டு. செயற்திட்டம் ஒவ்வொரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினதும் கைக்குத் தாய்மொழியில் சென்றடைய வேண்டும். காணி விடுவிப்பும் காணாமல் ஆக்கப்பட்டோர் விடயமும் பேசப்படும் பிரதேச, மாவட்டக் கூட்டங்களில், பாதிக்கப்பட்ட பெண்கள் பார்வையாளராக அன்றி, தீர்மானம் எடுப்போராக அமர வேண்டும்.

எத்தனை கருத்தரங்குகள் நடந்தன என்ற கணக்கு அறிக்கைக்கு உதவும். பிள்ளையைத் தேடும் தாய்க்கு விடை கிடைத்ததா, காணியை இழந்தவளுக்குக் காணி திரும்பியதா என்பதே செயற்திட்டத்தின் உண்மையான அளவுகோல். அடுத்த சங்கக் கூட்டத்தில் வாசகர்கள் இக்கேள்விகளை எழுப்புவார்களாக.