எண்ணூர் அரிப்பும் நாகதோஷமும்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கத்துக் குப்பங்களில் ஒருவருக்குக் கை கால்களில் செந்தடிப்பு எழும்பி, அரித்து, நீர் கசிந்தால், அதற்கு நம் ஜனங்கள் சூட்டும் பெயர்கள் கொஞ்சமல்ல. ஒருவர் அம்மா வந்திருக்கிறாள் என்பார். மற்றொருவர் நாகதோஷம் என்பார். வேறொருவர் அக்கி என்று சொல்லி, காவி குழைத்துச் சிங்கம் எழுத அழைத்துப் போவார். அக்கி என்பது சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்புவதாகும். அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே ஆறிவிடும். புகழ் மாத்திரம் சிங்கத்துக்குப் போய்விடுகிறது! 72 மணி நேரத்துக்குள் துவக்கினால் நல்ல பலன் தரும் மாத்திரையோ ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறது.

நிற்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாயிலும் கொசஸ்தலையாற்றிலும் பரவி எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்தது. மீனவர்கள் பலர் வெறுங்கையாலேயே அதை வாரினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளியுங் கையுந்தான். இம்முறை தோல் எரிகிறது, அரிக்கிறது என்று மீனவர்கள் முறையிட்டார்கள். நாகதோஷக்காரர்களை நாம் கேட்கிறோம்: ஓர் ஊர் முழுவதற்கும் ஒரே வாரத்தில் தோஷம் பிடிக்குமா? பிடிப்பதானாலும், எண்ணெயில் கை வைத்தவனையே தேடிப் பிடிப்பானேன்? எண்ணெயைத் திறந்துவிட்டவனை அது ஏன் தொடுவதில்லை?

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. தோலின் மேற்புறத்திலுள்ள கொழுப்புப் பசைதான் அதற்குக் காவல். கச்சா எண்ணெயும், டீசலும், ஈரச் சிமெண்டும் அக்காவலை அழித்துத் தோலைப் புண்ணாக்கும். அது எந்த ஜாதிக்காரன் தோலானாலும் சரியே. அலர்ஜி என்பது வேறு. பலருக்கு ஒன்றும் செய்யாத பொருளை ஒருவர் உடம்பு பகைவனென்றெண்ணிச் சண்டைக்குக் கிளம்புவது அது. சிமெண்டிலுள்ள குரோமியமும், மலிவு நகையிலுள்ள நிக்கலும் இப்படிச் செய்யும். இரண்டுக்கும் முதல் சிகிச்சை அப்பொருளை விலக்குவதே.

எண்ணெய் பட்டால் துணியால் துடைத்து, சமையல் எண்ணெய் தடவி இளக்கி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவது கொள்ளிக்கட்டையால் தலை சொறிவதே.

மந்திரிப்பதை விட்டவர்களிடம் இப்போது இன்னொரு மந்திரம் புகுந்திருக்கிறது. மருந்துக் கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்கிறார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். டாக்டர் சொன்ன அளவில் அது நல்ல மருந்துதான், பயப்பட வேண்டியதில்லை. படர்தாமரை மேல் தடவினாலோ, அரிப்பு அடங்கியதுபோல் காட்டி, பூஞ்சையைப் பரவச் செய்யும். 2018-ல் சர்க்கார் இத்தகைய களிம்புகள் பலவற்றைச் சீட்டின்றி விற்கலாகாதென்று சொல்லியும், சீட்டுக் கேட்கும் கடைக்காரர் எத்தனை பேர்?

உதடு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்ற அரிப்புகளுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் தாம் செய்யும் தொழிலையும், தோலில் பட்ட பொருளையும் முதலில் சொல்லி, அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். நஷ்டஈடு கேட்கப் போகும்போது அந்தச் சீட்டுத்தான் பேசும். ராகுவும் கேதுவும் சாட்சிக்கு வரமாட்டார்கள்.