அடுப்பங்கரை விஞ்ஞானம்: சூரை மீனும் பத்துப் பாகையும்

கற்பிட்டிக்கு வடக்கே, ஒரு புறம் கடலும் மறு புறம் களப்புமாக மணல் நீண்டு கிடக்கும் இடம் உச்சமுனை. அங்கே விடிகாலையில் வலையில் ஏறும் ஒரு சூரை, படகில் கற்பிட்டித் துறைக்கு வந்து, லொறியில் ஏறி, பாலாவி கடந்து புத்தளம் சந்தைக்கு வந்து, நம் கைக்குக் கிடைக்கும்போது மணி பத்தோ பதினொன்றோ ஆகிவிடும். மற்ற நாட்களில் அது பகல் சோற்றுக்கு ஆணமாகும். நோன்பு காலமென்றால் சட்டிக்குப் போவது அஸருக்குப் பிறகுதான்.

சகோதரிகளே, அந்த இடைப்பட்ட நேரத்தில் மீன் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது சும்மா கிடக்கவில்லை. அதன் சதைக்குள் இரசாயனத் தாக்கங்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன. அவை நடக்குமா நடக்காதா என்பது கேள்வியே அல்ல. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதுதான் கேள்வி. அந்த வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் விஞ்ஞானப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். தாக்கவீதம் என்று ஒரு பாடம் இருக்கும். வெப்பநிலை, செறிவு, மேற்பரப்பளவு, ஊக்கி என்ற நாலு சொல்லையும் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும். ஆனால் அந்த நாலும் உம்மாவின் அடுப்படியில்தான் இருக்கின்றன என்று யாரும் அதற்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. முட்டைக் கோது ஒன்றை முழுசாக ஒரு கிளாஸ் வினாகிரியிலும், இன்னொன்றை நொறுக்கி மற்றொரு கிளாஸிலும் போடச் சொல்லுங்கள். எதில் நுரை வேகமாகப் பொங்குகிறது என்று பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும். மேற்பரப்பளவுப் பாடம் அத்துடன் முடிந்தது.

வெப்பநிலைதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம். சாதாரண இரசாயனத் தாக்கங்களில் பல, சூடு 10 பாகை கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகின்றன. இதில் ஒரு புதிர் இருக்கிறது. 20 பாகையிலிருந்து 30 பாகைக்குப் போவது விஞ்ஞானிகளின் தனிவெப்பநிலைக் கணக்கில் 293 இலிருந்து 303 ஆவது மட்டுமே. நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்றே மேலான ஏற்றம். அதற்குப் போய் வேகம் எப்படி இரட்டிப்பாகும்?

1889 இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி அரீனியஸ் இதற்கு விளக்கம் கொடுத்தார். அதை உச்சமுனை மணலை வைத்தே சொல்லிவிடலாம். கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு மணல் திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் அலை வந்து மோதினாலும் திட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுவது மிக உயரமான ஒன்றிரண்டு அலைதான். கச்சான் காற்று கொஞ்சம் பலமாக வீசட்டும். எல்லா அலையும் ஒரு விரற்கடைதான் உயர்ந்திருக்கும். ஆனால் திட்டைத் தாண்டும் அலைகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிடும். மூலக்கூறுகளும் அப்படித்தான். அவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட அளவு சக்தியோடு மோதினால்தான் மாற்றம் நடக்கும். அந்த மணல் திட்டின் உயரத்துக்குத்தான் பாடப் புத்தகம் ஏவற்சக்தி என்று பெயர் வைத்திருக்கிறது.

இனி யாராவது மண்வெட்டியால் அந்தத் திட்டில் ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால்? காற்றே தேவையில்லை, சிறு அலையும் உள்ளே புகுந்துவிடும். ஊக்கி செய்யும் வேலை அதுதான். வாய்க்கால் வெட்டிக் கொடுக்கும், தான் செலவாகிவிடாது. உயிருள்ளவற்றில் இருக்கும் ஊக்கிகளை நொதியம் என்கிறோம். பிரியாணி இறைச்சி பதமாக வேண்டுமென்று பப்பாசிக் காயை அரைத்துப் பூசுகிறோமே, அங்கே வேலை செய்வதும் ஒரு நொதியம்தான். நன்றாகக் கொதி ஏறியதும் அது சிதைந்து வேலையை நிறுத்திவிடும். பூசி வைத்து மறந்துபோனால் இறைச்சி கூழாகிவிடுவதும் அதனால்தான்.

இப்போது நம் சூரைக்கு வருவோம். சூரை, கும்பிளா, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயற்கையாகவே நிறைய உண்டு. அதனால் கெடுதி இல்லை. ஆனால் மீனின் செவுளிலும் குடலிலும் இருக்கும் சில வகைப் பக்டீரியாக்களிடம் ஒரு நொதியம் இருக்கிறது. மீன் செத்து, சூட்டில் கிடக்கத் தொடங்கியதும் அவை பெருகிச் சதைக்குள் நுழைந்து, ஹிஸ்டிடினை ஹிஸ்டமின் ஆக்கிவிடுகின்றன. நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே சுரக்கிறதே, அதே ஹிஸ்டமின். அதைச் சட்டியில் போட்டு, புளி விட்டு, நாமே சாப்பிடுகிறோம்.

சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்தில், முகமும் கழுத்தும் சிவக்கும். தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பில் தடிப்பு எழும், சிலருக்கு வயிற்றாலும் போகும். வாயில் வைக்கும்போதே மிளகு போலச் சுள்ளென்று ஒரு காரம் தெரிவதும் உண்டு. “எனக்குச் சூரை ஒத்துக்கொள்ளாது” என்று சொல்லி வருஷக் கணக்கில் அதைத் தொடாமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலருக்கு உண்மையான மீன் ஒவ்வாமை இருக்கலாம். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். சிலருக்கோ அன்றைக்கு வந்தது அந்த ஒரு மீனின் கோளாறு மட்டுமே. ஒரே மீனில் கூட ஹிஸ்டமின் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்ட ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் வந்ததென்றால், அவர் உடம்பில்தான் கோளாறு என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. மூச்சு முட்டுகிறது, நாக்கு வீங்குகிறது என்றால் மட்டும் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு.

நம்மில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. “நல்லா வேகவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்கிறோம். வேகவிட்டால் பக்டீரியா சாகும், நொதியமும் சிதையும். ஆனால் அதற்குள் உண்டாகிவிட்ட ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது, டின்னில் அடைத்தாலும் போகாது. மூக்கையும் முழுசாக நம்ப முடியாது; கெட்ட வாடை வருவதற்கு முன்பே ஹிஸ்டமின் கூடியிருக்கலாம். கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தர அமைப்பு எல்லை வகுத்திருக்கிறது. நம் வீட்டில் அதை அளக்க வழியில்லை. உண்டாக விடாமல் தடுப்பது ஒன்றே வழி.

நம் நாட்டிலேயே இதைப் பற்றி ஒரு முக்கியமான ஆய்வு வந்திருக்கிறது. காச நோய்க்கு ஐசோனியாசிட் என்ற மருந்து எடுத்து வந்தவர்களில் சிலருக்கு மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து தலைவலியும் படபடப்பும் வந்ததை உரகொட, கொட்டேகொட என்ற இரண்டு இலங்கை ஆய்வாளர்கள் கவனித்து, ஹிஸ்டமின் மிகுந்த மீன்தான் காரணம் என்று 1977 இல் எழுதினார்கள். நம் குடலில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று இருக்கிறது. மீனோடு கொஞ்சம் ஹிஸ்டமின் உள்ளே போனாலும் அது சமாளித்துவிடும். ஐசோனியாசிட் அந்த நொதியத்தின் வேகத்தைத் தணித்துவிடுகிறது. வாய்க்காலைப் பாதி தூர்த்துவிட்டது போல. மற்றவர்களை ஒன்றும் செய்யாத மீன் நோயாளியை மட்டும் படுத்துவது இதனால்தான். வீட்டில் யாராவது இந்த மருந்து எடுப்பவராக இருந்தால் சூரை, சாளை விஷயத்தில் கவனமாக இருங்கள், வைத்தியரிடமும் கேளுங்கள். இதற்காக மருந்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

சரி, தடுப்பது எப்படி? பனிக்கட்டிதான். 0 பாகையில் இருக்கும் மீன் கெடும் வேகத்தை ஒன்று என்று வைத்தால், 5 பாகையில் அது இரண்டு மடங்குக்குச் சற்று மேல், 10 பாகையில் நாலு மடங்கு என்பது மீன்துறையில் பயன்படுத்தப்படும் கணக்கு. நம் கரையின் பகல் சூடு 30 பாகை. அந்தச் சூட்டில் ஒரு மணி நேரம் கிடப்பது என்ன செய்யும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது, 80 கிலோ தண்ணீரை ஒரு பாகை குளிரவைக்கும் அளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காகிதக் கணக்குப்படி அது மூன்று கிலோ மீனை 30 பாகையிலிருந்து 0 பாகைக்கு இறக்கப் போதும். ஆனால் பெட்டிக்கு வெளியேயிருந்து வெயிலும் சூடு ஏற்றிக்கொண்டே இருக்கிறதே. ஆகவேதான் சூடான நாடுகளில் மீனுக்குச் சம எடை பனிக்கட்டி போட வேண்டும் என்கிறார்கள். அதையும் பாளமாக மேலே வைத்தால் பயன் குறைவு. நொறுக்கி, ஒரு அடுக்கு ஐஸ் ஒரு அடுக்கு மீன் என்று போட்டால்தான் எல்லாப் பக்கமும் தொட்டுக் குளிர்விக்கும். நொறுக்கிய முட்டைக் கோதின் பாடம்தான் இதுவும். படகுக்காரர் ஐஸுக்குச் செலவழித்த காசு மீன் விலையில் ஏறும். ஐஸ் மீனை விட “வெறும் மீன்” மலிவு என்று பேரம் பேசும் நமக்கும் இந்தக் கணக்கில் பங்கு உண்டு.

ஐஸ் இல்லாத காலத்து மக்கள் வேறு வழி கண்டார்கள். மீனைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைத்தார்கள். மீன் வாடிகளில் இன்றும் பெண்களின் கை படாத கருவாடு குறைவு. பிளப்பதால் மேற்பரப்பு கூடி நீர் வேகமாக வெளியேறுகிறது. உப்பு மீதி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்டீரியாவுக்குக் கிடைக்காமல் செய்கிறது. வேகம் என்றாலே நல்லது என்று இங்கே எண்ணிவிடக் கூடாது. மா போன்ற பொடி உப்பைத் தூவினால் அது மேல் சதையை மளமளவென்று இறுக்கிவிடும். உப்பு உள்ளே இறங்காது. முதல் நாளே கடும் சூட்டில் காயவைத்தாலும் மேலே தோல் போலக் காய்ந்து உள்ளே ஈரம் அகப்பட்டுக்கொள்ளும். பார்வைக்கு அருமையான கருவாடு, நடுவில் அழுகல். இன்னொன்று: சந்தையில் விலை போகாமல் மாலை வரை வெயிலில் கிடந்த சூரையைக் கருவாடாக்கினால் ஹிஸ்டமினும் கூடவே கருவாட்டில் தங்கிவிடும். உப்பு அதைக் கரைத்து வெளியேற்றிவிடாது.

உப்பு என்றதும் புத்தளத்து உப்பளங்கள் நினைவுக்கு வருகின்றன. 1995 இல் நம் நாட்டில் உணவு உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டமாயிற்று. கழலை வராமல் இருக்கவும், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கும் அது தேவை. அந்த அயடினும் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கும். ஈரமும் சூடும் அந்த வேகத்தைக் கூட்டும். நம்மில் பாதிப் பேர் உப்புப் போத்தலை வைப்பது எங்கே? அடுப்புக்கு அருகில், மூடியைத் திறந்தபடி. இறுக மூடி, தள்ளி வையுங்கள். ஆணம் இறக்கும் தறுவாயில் உப்புப் போட்டால் இன்னும் நல்லது.

மேற்பரப்பளவுக்குப் பெரிய உதாரணம் வேண்டுமானால் அதே குடாநாட்டில் நுரைச்சோலை இருக்கிறது. 2011 இல் மின்சாரம் தரத் தொடங்கிய அந்த நிலையத்தில் நிலக்கரியைக் கட்டியாக எரிப்பதில்லை. முகத்துக்குப் பூசும் பவுடர் போல அரைத்து ஊதுகிறார்கள். கட்டியாக எரிந்தால் வெகு நேரம் கனன்று கிடக்கும் கரி கண் மூடித் திறக்கும் நேரத்தில் எரிந்து முடிகிறது.

இனி நோன்பு காலச் சூரைக்குத் திரும்புவோம். பத்து மணிக்கு வாங்கிய மீனை அப்படியே பையோடு குசினி மூலையில் வைத்துவிட்டு, “அஸருக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்” என்று படுக்கப் போகாதீர்கள். வந்த கையோடு செவுளையும் குடலையும் எடுத்துக் கழுவி, குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிரான தட்டிலோ நொறுக்கிய ஐஸிலோ வையுங்கள். தூளும் உப்பும் பூசி மேசையில் ஊறவைப்பதென்றால் அதையும் பெட்டிக்குள்ளேயே ஊறவிடுங்கள். மின்சாரமும் ஐஸும் இல்லாத வீடென்றால், காலையிலேயே கொறக்காப் புளி தாராளமாகப் போட்டு வற்றக் காய்ச்சி மூடி வைத்து, நோன்பு திறக்குமுன் மறுபடி ஒரு கொதி விடுவது, பச்சை மீனை மாலை வரை வைத்திருப்பதை விட எவ்வளவோ மேல். சிங்களச் சகோதரிகள் செய்யும் அம்புல் தியல் பெட்டியில்லாமலே சில நாள் தாங்குவது அந்தப் புளிப்பினால்தான். புளிப்பில் பக்டீரியாக்கள் பெருகும் வேகம் தணிந்துவிடும். ஆனால் அதற்கும் முதலில் மீன் நல்லதாக இருக்க வேண்டும். வாங்கும்போது, எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது, வழியில் ஐஸில் இருந்ததா என்று மீன்காரரிடம் கேளுங்கள்.