செயலியும் துலாக்கோலும்

வேலையின்றி வாடுவோர் ஒருபுறம். தக்க ஆள் கிடைக்காமல் தவிப்போர் மறுபுறம். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் காணாதிருக்கும் நிலை நம் நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்க்கு வாழ்வு தரும் பொருட்டு 1945இல் இந்தியாவில் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தோன்றின. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை அவற்றிற்கு அறிவித்தல் வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயின், அவ்வலுவலகம் அனுப்புவோரையே பணியில் அமர்த்த வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. பதிவு அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே இளமையைக் கழித்தோர் எத்துணையோ பேர்!

இன்று அட்டையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. மைய அரசின் வேலைவாய்ப்பு இணையத்தளம் 2015இல் தொடங்கப்பெற்றது. தனியார் செயலிகளும் பலவாயின. கணிப்பொறி பயிலும் நம் மாணவச் செல்வங்களும் இத்தகைய செயலிகளை ஆக்க முனைகின்றனர். இம்முயற்சியைப் போற்றுகின்றோம். போற்றும்போதே ஒரு வினாவையும் எழுப்ப விழைகின்றோம்: செயலியின் துலாக்கோல் எப்பக்கம் சாய்கின்றது?

1962இல் கேல், ஷாப்லி என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், இருதரப்பாரின் விருப்ப வரிசைகளைக் கொண்டு முறியாத இணைகளை அமைக்கும் வழியைக் கணக்கியலால் காட்டினர். ஷாப்லி 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்டார். அவர்தம் முறையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. எத்தரப்பு முதலில் கேட்கின்றதோ, அத்தரப்பிற்கே இயன்றவற்றுள் மிகச் சிறந்த இணை வாய்க்கும். கேட்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பது சிறு செய்தியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

வேலை தேடும் இளைஞன் தன் வயது, முகவரி, மதிப்பெண், முன்னர்ப் பெற்ற ஊதியம் அனைத்தையும் நிரப்பினாலன்றிப் பல படிவங்கள் நகர்வதில்லை. வேலை தருவோரோ ‘தகுதிக்கேற்ற ஊதியம்’ என்னும் இரு சொற்களோடு அமைந்துவிடலாம். இது முறையாகாது. ஊதியம் எவ்வளவு, பணிநேரம் யாது, வருங்கால வைப்பு நிதி உண்டா என்பவற்றை நிரப்பாத அறிவிப்பைச் செயலி ஏற்றலாகாது. ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலையில் தைக்கச் செல்லும் ஒரு பெண்ணுக்கு, பணி முடியும் வேளையில் ஊர் திரும்பப் பேருந்து உண்டா என்பதே முதற்கேள்வி. அதற்கும் படிவத்தில் ஓரிடம் வேண்டும். நிரம்பிவிட்ட இடங்களின் அறிவிப்பு தானே மறைதல் வேண்டும். தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997இல் வகுத்த உடன்படிக்கையின் பொதுவிதி. செயலிக்கும் அதுவே விதியாகட்டும்.

தமிழ் பயில்வோர்க்கும் இதில் பங்குண்டு. தொழிலாளி ‘கடைசல் வேலை’ என்கிறார். முதலாளி ‘டர்னர்’ என்கிறார். சொற்களை மட்டும் ஒப்பிடும் பொறிக்கு அவை இரு வேறு தொழில்கள். பட்டறையிலும் கடைவீதியிலும் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, இணைச்சொற்களோடு அகராதி அமைத்துத் தருவது தமிழ்த்துறை மாணவர் ஆற்றத்தக்க அரும்பணியாகும்.

பொறியே ஆளைத் தெரிவு செய்யட்டும் என்பாரும் உளர். அமேசான் நிறுவனம் 2014இல் அத்தகையதொரு கருவியை உருவாக்கத் தொடங்கியது. ஆடவரே மிகுதியாக அனுப்பியிருந்த பழைய விண்ணப்பங்களைக் கற்ற அக்கருவி, மகளிர் என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. அத்திட்டம் கைவிடப்பட்ட செய்தி 2018இல் வெளியாயிற்று. நேற்றைய ஓரவஞ்சனையைக் கற்ற பொறி, நாளையும் அதனையே செய்யும். ஆதலின், தள்ளப்பட்டவர்க்குக் காரணம் கூறும் கடமையும் மனிதர் ஒருவர் மறுபார்வையிடும் வழியும் செயலியில் இருத்தல் வேண்டும்.

“இத்தனை கேட்டால் முதலாளிகள் வாரார்” எனச் சிலர் கூறலாம். தொடக்கத்தில் சிலர் வாராமற்போவது மெய்யே. ஆனால், பொய்யான அறிவிப்பை நம்பிப் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாட் கூலியையும் இழந்தவர் மீண்டும் அச்செயலியைத் திறவார். தேடுவோர் நீங்கினால் தருவோர்க்கும் அங்கு வேலையில்லை. நாணயமே செயலியின் முதல்.

எனவே, செயலி சமைக்கும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: விரைவாகப் பொருத்துதல் திறமை, நடுநின்று பொருத்துதல் அறம். வேலை தேடி வருபவர் இரப்பவர் அல்லர். தம் உழைப்பைக் கொடுக்க வருபவர். கொடுக்க வருபவர்க்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையைச் செயலியின் முதற்பக்கத்திலேயே பொறித்து வையுங்கள்.